கடிகாரத்துக்கு ரசீது உண்டு, தாத்தாவுக்கு?

ஓசூரில் ஒருவருடைய டைட்டன் வாட்ச் ரிப்பேர் என்று வையுங்கள். கடையில் கொடுத்தால் ரசீது தருவார்கள். பி.காம் மக்களுக்குச் சொல்லவே வேண்டாம்... 1872 இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 151, பெய்ல்மென்ட். அடுத்தவர் பொருளை வாங்கி வைத்திருப்பவர், விவரமுள்ள ஒரு சாதாரண மனிதர் தன் சொந்தப் பொருளைக் காப்பது போல அதைக் காக்க வேண்டும். பரீட்சை முடிந்ததும் மறந்துபோகிற கேள்வி.

சரி, வாட்ச்சுக்குப் பதில் ஒரு மனிதரை ஒப்படைத்தால்?

2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. கீற்றுக் கொட்டகை. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். 28 பேர் செத்தார்கள். பக்கத்தில் இருந்தவர்களுக்கு அலறல் புதிதில்லை, அங்கே தினமும் கேட்கிற சத்தம்தானே!

ஏன் சங்கிலி? ஓடிவிடுவார்களாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். சங்கிலி ஒரு தடவைச் செலவு. ராத்திரி கண்விழித்துப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் மாதாமாதம் சம்பளம். அவ்வளவுதான் விஷயம்.

சட்டம் இல்லாமல் இல்லை. உரிமம் வாங்கித்தான் நடத்த வேண்டும் என்று 1987 மனநலச் சட்டமே சொன்னது. தீக்குப் பிறகு அந்த மாதமே அரசு ஏர்வாடிக் காப்பகங்களை மூடி, 500க்கும் மேற்பட்டவர்களை வெளியே கொண்டுவந்தது. ஆக, முடியாத காரியம் இல்லை. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. 2007இல் நடத்தியவர், மனைவி, உறவினர் இருவர் என நால்வருக்கு 7 ஆண்டு சிறை. கண்டும் காணாமல் இருந்த ஆபீஸ்கள்? 

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை அடியோடு தடை செய்தது. அப்புறமும் 2023 பிப்ரவரியில் விழுப்புரம் குண்டலப்புலியூர் ஆசிரமத்திலிருந்து நூற்றுக்கு மேற்பட்டவர்களை மீட்க வேண்டியிருந்தது. முறையான உரிமம் இல்லை என்றார்கள். அங்கிருந்து பெங்களூர் காப்பகம் ஒன்றுக்கு அனுப்பப்பட்ட சிலர் காணாமலே போனார்கள்.

விழுப்புரத்திலிருந்து பெங்களூருக்கு வழக்கமான ரோடு கிருஷ்ணகிரி, ஓசூர் வழிதான். அதே ரோட்டில் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் சரக்கு ஜூஜூவாடியைத் தாண்டினால் இ-வே பில் வேண்டும். மனிதரை ஏற்றிப்போக ஒரு துண்டுச்சீட்டும் கேட்பாரில்லை. (சரக்குக்கு ஜி.எஸ்.டி உண்டே!)

"பாவம், சேவை பண்றாங்க, அதுல போய் குறை சொல்லலாமா?" என்று உடனே ஒரு குரல் வரும். மறுபடி பிரிவு 151ஐப் பாருங்கள். 'எல்லா பெய்ல்மென்ட்டிலும்' என்றுதான் இருக்கிறது. காசு வாங்கினாலும் சும்மா வைத்திருந்தாலும் கவனிப்பு ஒன்றே. ஓசிக்கு வைத்திருக்கிற பெட்டிக்கே அந்த விதி என்றால், மாதப் பணம் வாங்கிக்கொண்டு படுக்கையில் கிடத்தியிருக்கிற பெரியவருக்கு?

ஓசூர் சிப்காட்டில் சேஃப்டி ஷூ இல்லாமல் லைனில் நிற்க விடமாட்டார்கள். அங்கே வேலை பார்க்கிற அதே ஆள், அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்க்கும்போது ஃபீஸ் எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு வருகிறார். பின்வாசல் திறக்குமா, ராத்திரி சாவி யாரிடம், எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்று கேட்பதில்லை. பதிவு எண்ணையும் இரவு டியூட்டி ஆட்களின் எண்ணிக்கையையும் ஒவ்வொரு இல்லத்தின் வாசலிலும் பெயிண்டில் எழுதி வைக்கச் சொல்லி கலெக்டர் ஆபீஸ் ஓர் உத்தரவு போடட்டும். பெயிண்ட் செலவு பெரிதில்லை.