கண்ணை மூடுவதற்கு முன்

"கெட்ட நினைவுகளை விரட்டு" என்று அறிவுரை சொல்வது எளிது. 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டபோது உறவுகளைப் பறிகொடுத்த நெடுந்தீவு மக்களிடம் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. விரட்ட விரட்ட வளர்வதுதான் அத்தகைய நினைவு. 'இதோ அந்தப் பயம் வருகிறது, நெஞ்சு இறுகுகிறது' என்று அடையாளம் கண்டு, மூச்சைக் கவனித்தபடி அதைக் கடந்துபோக விடுவதே நடக்கக்கூடியது. யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போரில் மனமுடைந்தவர்களுக்கு மூச்சுப் பயிற்சியோடு மந்திர உச்சாடனத்தையும் பழக்கினார். சைவருக்கு ஓம்; கிறிஸ்தவருக்கு இயேசுவின் பெயர்; பௌத்தருக்கும் முஸ்லிம்களுக்கும் அவரவர் மறைமொழி. நாகபூசணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் அருகருகே நிற்கும் நயினாதீவுக்கும், தேவாலய மணி கேட்கும் ஊர்காவற்றுறைக்கும் இதைவிடப் பொருத்தமான மருந்து எது? ஆனால் தனியே கண்ணை மூடினால் சிலருக்குப் பழைய காட்சிகளே பொங்கி வரும். அவர்களுக்குப் பக்கத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் இருந்தே ஆகவேண்டும். படகைக் கண்டாலே நடுங்குபவரைச் சிகிச்சைக்காகப் படகேறி யாழ்ப்பாணம் வரச் சொல்வது கொடுமை. உளநலப் பணியாளர்தான் கடல் தாண்டி நெடுந்தீவுக்குப் போகவேண்டும், அதுவும் தவறாமல்.