நீரேற்று மின் நிலையங்களின் கணித மாதிரிகளைப் பொதுவில் வையுங்கள்

நிலைப்பாட்டு அறிக்கை
முத்தாபுதுப்பேட்டை

முத்தாபுதுப்பேட்டை, ஆவடி வட்டாரத்து மின் நுகர்வோரும் பொறியாளர்களும் ஆசிரியர்களும் சேர்ந்த எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு இது.

தமிழ்நாட்டில் பகலில் சூரிய மின்சாரம் பெருகுகிறது. மாலை ஆறு மணிக்குமேல் அது நின்றுபோகிறது. வீடுகளில் விளக்கும் ஏசியும் ஓடத் தொடங்குவதும் அப்போதுதான். இந்த இடைவெளியை நிரப்ப, உபரி மின்சாரத்தால் தண்ணீரை மேலணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு மின்சாரம் எடுக்கும் நிலையங்கள் வேண்டும். காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் 1980களின் பிற்பகுதியிலிருந்து இயங்குகிறது. நீலகிரியில் தலா 125 மெகாவாட் திறனுள்ள நான்கு இயந்திரங்களோடு குந்தா நீரேற்று மின் திட்டம் வகுக்கப்பட்டது. இத்தகைய திட்டங்களை வரவேற்கிறோம். ஆனால் அவற்றின் கணித மாதிரிகளும் முடிவுகளும் மக்கள் பார்வைக்கு வர வேண்டும்.

காரணம், தண்ணீரின் போக்கு ஊகத்துக்குள் அடங்காது. மின்சாரம் கூடுதலாக வேண்டுமென்று டர்பைனின் வாயிலைச் சட்டெனத் திறந்தால், உற்பத்தி முதலில் சற்றுக் குறைந்து பிறகே ஏறும். நீண்ட குழாயில் நிற்கும் நீர் வேகமெடுக்க நேரம் பிடிக்கிறது. மூடும்போது ஆபத்து இன்னும் பெரிது. நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் ஓடும் நீரை ஒரே கணத்தில் நிறுத்தினால், அழுத்த அலை நொடிக்கு 1,000 மீட்டர் வேகத்தில் பாயும் எஃகுக் குழாயில், சுமார் 400 மீட்டர் உயர நீரின் அழுத்தம் கூடுதலாக ஏறும். வாயிலை எத்தனை நொடியில் மூடலாம், அழுத்தத்தை வாங்கிக்கொள்ளும் எழுச்சித் தொட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை, நிலையத்தைக் கட்டுவதற்கு முன்பே கணினியில் ஓட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

கணினி சொன்னதை அப்படியே நம்பவும் கூடாது. 2009 ஆகஸ்ட் 17 அன்று ரஷ்யாவின் சயானோ-சுசென்ஸ்கயா புனல்மின் நிலையத்தில் ஓர் இயந்திரம் பிய்த்துக்கொண்டு கிளம்பி 75 பேர் இறந்தனர். அந்த இயந்திரத்தின் அதிர்வு முன்பே அளவு மீறியிருந்தது. அதனால், ஓடும் இயந்திரத்தில் அளந்த தரவோடு இடைவிடாமல் ஒப்பிடாத மாதிரி வெறும் காகிதம்தான்.

எங்கள் கோரிக்கைகள்:

1. ஒவ்வொரு புதிய திட்டத்துக்கும் ஒப்புதல் தருமுன் மாதிரியின் அனுமானங்கள், நீர்வரத்துத் தரவு, முடிவுகள் ஆகியவற்றைத் தமிழிலும் வெளியிட வேண்டும்.
2. காடம்பாறையின் இயக்கப் பதிவுகளோடு ஒப்பிட்டு, மாதிரி எவ்வளவு பொருந்துகிறது, எங்கே விலகுகிறது என்று சொல்ல வேண்டும்.
3. குடிநீரும் பாசனமும் மாதிரிக்குள் மீற முடியாத வரம்புகளாக இருக்க வேண்டும். வறட்சி ஆண்டுகளையும் வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும்.
4. அரசுப் பொறியியல் கல்லூரிகள் தனியே சரிபார்க்க வழி வேண்டும்.

இவற்றை வெளியிட்டால் பாதுகாப்பு குலையும் என்பார்கள். கட்டுப்பாட்டுக் கருவிகளின் கடவுச்சொற்களையோ அமைப்பு விவரங்களையோ நாங்கள் கேட்கவில்லை. மக்கள் பணத்தில் கட்டி, மக்களின் தண்ணீரில் ஓடப்போகும் நிலையத்தின் கணக்கைத்தான் கேட்கிறோம். அதைக் காட்டாத எந்தத் திட்டத்துக்கும் கருத்துக் கேட்புக் கூட்டங்களில் எங்கள் சங்கம் ஆதரவு தராது.