சாவதினும் அரிது வாழ்வது



அர்மேனிய நாட்டின் மெலித்தீன் நகரிலே மூன்றாம் நூற்றாண்டில் கிறிஸ்துவுக்காக உயிர் ஈந்தவர் புனித பொலியூக்த். அவர் வரலாற்றைத் துன்பியல் நாடகமாக்கினார் பிரெஞ்சுப் புலவர் கொர்னேய். இயேசு சபையாரிடம் கல்வி கற்ற அவர் இயற்றிய அந்நாடகம் 1643-இல் அச்சேறியது.

ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்குப் பின் இத்தாலிய இசைமேதை தொனிசேத்தி அக்கதையை இசை நாடகமாக அமைத்தார். 1838-இல் நேப்பிள்ஸ் அரசர் இரண்டாம் பெர்டினாண்டு அதற்குத் தடை விதித்தார். மறைசாட்சிகளின் பாடுகள் கோவிலிலே வணங்கத்தக்கவை. அரங்கிலே காட்டத்தக்கவை அல்ல என்பது அவர் கருத்து. தொனிசேத்தியோ பாரிசு சென்றார். ஸ்கிரீப் என்னும் நாடகாசிரியர் பிரெஞ்சு மொழியில் உரை எழுத, 'மறைசாட்சிகள்' என்ற பெயரோடு, நான்கு அங்கங்களாக, 1840 ஏப்ரல் 10-ஆம் நாள் அது அரங்கேறியது.

கதை ஒன்றே, முடிவு மட்டும் வேறு. ஆளுநன் பெலிக்சின் மகள் போலின், பொலியூக்தின் இளம் மனைவி. கணவன் திருமுழுக்குப் பெற்றதையும், பேரரசின் தெய்வங்களை வெளிப்படையாக மறுத்ததையும் அறிந்து துடிக்கிறாள். கண்ணீர் விட்டு மன்றாடுகிறாள். அவனோ அசையவில்லை.

இசை நாடகத்தில் போலினும் மனந்திரும்பிச் சிங்கங்கள் பாயவிருக்கும் அரங்கிலே கணவனோடு கைகோத்து நிற்கிறாள். பாரிசு மாநகரின் பெரிய மேடை அத்தகைய காட்சியை விரும்பியது. கொர்னேய் காலத்து மேடையோ கொலையைக் கண்முன் காட்டாது. அங்கே பொலியூக்த் திரைக்கு அப்பால் மடிகிறான். போலின் உயிரோடு திரும்பி வருகிறாள். தானும் கிறிஸ்தவளே என்று தந்தையின் முன் முழங்குகிறாள். கணவனைக் கொல்ல ஆணையிட்டவன் அத்தந்தையே! வியப்பு என்னவெனில், பின்னர் அவனும் கிறிஸ்துவை ஏற்கிறான்.

கணவனோடு மடிந்தவளின் போராட்டம் ஒரு மாலைப்பொழுதில் முடிந்தது. பிழைத்தவளுக்கோ அன்றுதான் தொடங்கியது. கைம்பெண்ணாக அதே வீட்டில் நடமாட வேண்டும். தன் வாழ்வைக் குலைத்த தந்தையை மன்னிக்க வேண்டும். நாள்தோறும் அவனோடு உணவருந்த வேண்டும். நாடகம் அதைக் காட்டவில்லை. ஆயினும் சிந்திப்போர் உள்ளத்தில் அது விரியாமற் போகாது.

நம் பங்குகளிலும் போலின்கள் உளர். கணவன் கோவிலை மறந்திருக்க, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தனியே திருப்பலிக்கு வரும் தாய். நோயுற்ற கணவனைப் பல்லாண்டு பேணும் மனைவி. பாகப்பிரிவினையில் வஞ்சித்த தமையனுக்காகச் செபமாலை சொல்லும் தம்பி. இவர்களுக்குக் கைதட்டுவாரில்லை. பலிபீடத்தில் இவர்கள் படமும் இல்லை. ஆயினும் இவர்களும் கிறிஸ்துவுக்குச் சாட்சிகளே.

இன்றிரவு குடும்ப செபத்திலே, மன்னிக்க மனம் வராத ஒருவர் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். இரத்தம் சிந்தாத சாட்சியம் அங்கே தொடங்கும்.