ரசிகரா, கணக்கப்பிள்ளையா?

‘படம் எப்படி?’ என்பது தமிழர் வாழும் ஊர்களில் எல்லாம் நாள்தோறும் கேட்கப்படும் கேள்வி. தேநீர்க் கடை வாங்கிலே, பேருந்துத் தரிப்பிடத்திலே, பாடசாலை மதிலோரத்திலே, உள்ளங்கையில் அடங்கும் தொலைபேசியின் திரையிலே இக்கேள்வி ஒலித்த வண்ணமே இருக்கிறது. கேள்வி பழையது. அதற்குக் கிடைக்கும் விடையோ காலத்துக்குக் காலம் மாறி வந்துள்ளது. ஒரு காலத்தில் கதை விடையாக வந்தது. பின்னர் நடிகரின் பெயர் விடையாக வந்தது. இன்று தொகை விடையாக வருகிறது. முதல்நாள் வசூல் இத்தனை கோடி, வெளிநாட்டு வசூல் இத்தனை கோடி, எதிர்த்தரப்பு நடிகரின் படம் இதிலும் இத்தனை கோடி குறைவு என்று அடுக்கிக்கொண்டு போகின்றனர் நம் இளைஞர்கள்.

அக்கோடிகள் இந்திய ரூபாயில் எண்ணப்படுபவை. அவற்றுள் ஒரு சதமேனும் வல்வெட்டித்துறைக்கோ மட்டக்களப்புக்கோ அட்டனுக்கோ வரப்போவதில்லை. நாளைய பேருந்துக் கட்டணத்துக்கு வழி தெரியாத இளைஞன், சென்னையில் எவரோ ஈட்டிய இலாபத்தைத் தன் வெற்றியாகக் கொண்டாடுகிறான். முதலாளி தன் கணக்கை எழுதுவதற்குக் கணக்கப்பிள்ளைக்குச் சம்பளம் கொடுப்பான். இங்கோ ரசிகன் தன் பணத்தைக் கொடுத்து நுழைவுச்சீட்டும் வாங்கி, முதலாளியின் கணக்கையும் இலவசமாகவே எழுதிக் கொடுக்கிறான்! சுரண்டலின் வரலாற்றிலே இதனினும் நேர்த்தியான ஓர் ஏற்பாட்டைக் காண்பது அரிது.

இதனைக் கண்டு ‘சினிமாப் பைத்தியங்கள்’ என்று முகஞ்சுளித்து ஒதுங்கிப் போவோரும் நம்மிடையே உளர். அவர்களுடன் நமக்கு எவ்வித உடன்பாடும் இல்லை. ரசிகனின் பேச்சை நாம் குறைகூறுவது அது அற்பமானது என்பதனால் அன்று. அது பெறுமதி மிக்கது என்பதனாலேயே. தமிழர் அனைவரும் சாதி வேறுபாடின்றி ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதலாவது கலைக்கூடம் சினிமாக் கொட்டகையே என்பதைப் பேராசிரியர் கா. சிவத்தம்பி எடுத்துக்காட்டியிருக்கிறார். இக்கூற்றின் கனத்தை யாழ்ப்பாணத்தார் நன்கு உணர்வர். மாவிட்டபுரம் ஆலயத்தின் கதவைத் திறக்குமாறு 1968இல் போராட வேண்டியிருந்த மண் இது. தேநீர்க் கடையில் சமமான குவளைக்காகவும் போராட வேண்டியிருந்த மண் இது. அத்தகைய மண்ணிலே, காசு கொடுத்தவன் எவனாயினும் அவனுக்கு இருக்கை உண்டு என்ற நியதியை முதலில் கொண்டுவந்தது படமாளிகையே. பணத்தின் அளவுக்கேற்ப இருக்கை வகுக்கப்பட்டது உண்மைதான். ஆயின் பிறப்பின் அளவுக்கேற்ப வகுக்கப்படவில்லை. அங்கிருந்து வெளியே வந்த மக்கள், தாம் ஒருங்கே கண்ட ஒன்றைப்பற்றி ஒருவரோடொருவர் பேசினர். படித்தவர் அனுமதியைக் கேளாமலே கருத்துச் சொன்னார்கள். நம் சமூகத்தின் மிகப் பரந்த கலை விமர்சனம் அதுவேயாகும். அப்பேச்சு வணிகரின் உடைமையாகிவிட்டது என்பதே நம் வழக்கு.

எம்.ஜி.ஆர். ரசிகரும் சிவாஜி ரசிகரும் சந்திக்குச் சந்தி மோதிக்கொண்ட காலத்தைச் சிலர் பொற்காலம் என்பர். நாம் அவ்வாறு கூறோம். அவ்வாதங்களில் மூடத்தனம் மலிந்திருந்தது. எனினும் ஒருவன் நடிப்பைப்பற்றிப் பேசினான்; மற்றவன் ஏழைக்கு நீதி கிடைத்ததைப்பற்றிப் பேசினான். கலையும் அறமும் கொச்சையாகவேனும் அங்கே பேசுபொருளாயின. இன்றைய ரசிகனிடம் ‘மாஸ்’, ‘மொக்கை’, ‘வேற லெவல்’ என்ற மூன்று சொற்கள் எஞ்சியுள்ளன. தான் இருமுறை பார்த்த படத்தைப்பற்றி ஒரு பக்கம் எழுதுமாறு மாணவனைக் கேட்டால், நான்காவது வரியிலே அவன் பேனை நின்றுவிடுகிறது. அவனுக்கு அறிவில்லாமல் இல்லை. தான் உணர்ந்ததைச் சொல்லும் சொற்களை அவனுக்கு எவரும் கொடுக்கவில்லை. வெற்றிடத்தை விளம்பரம் நிரப்பிற்று.

அச்சொற்களைக் கொடுத்திருக்கவேண்டியவர் யாவர்? இலக்கிய விமர்சகரும் ஆசிரியரும் பத்திரிகையாளரும் ஆவர். இலக்கியத் துறையில் இப்பணி நடந்தது. 1950களில் ஈழத்து வாசகன் தென்னிந்திய வார இதழ்களின் தொடர்கதைகளில் மூழ்கிக் கிடந்தான். நம் எழுத்தாளர் நம் மக்களின் பேச்சைக் கதையில் கொண்டுவந்தபோது, ‘இழிசனர் வழக்கு’ என்று 1960களின் தொடக்கத்தில் பண்டிதர்கள் சீறினர். முற்போக்கு எழுத்தாளர் அதனை எதிர்கொண்டனர். தேசிய இலக்கியம் என்ற கோரிக்கையை முன்வைத்து மேடைதோறும் வாதிட்டனர். தினகரன் ஆசிரியராயிருந்த க. கைலாசபதி நாளிதழின் பக்கங்களை ஈழத்துப் படைப்புகளுக்குத் திறந்துவிட்டார். அவ்வாதங்களின் சூட்டிலேதான் வாசகனின் செவி மாறியது. நம் பேச்சை அச்சில் கண்டு நகைத்தவன், காலப்போக்கில் அதனையே தேடி வாசித்தான். ரசனை வானத்திலிருந்து விழுவதன்று. அது போராடி ஆக்கப்படுவது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

சினிமாத் துறையில் இத்தகைய போராட்டம் நிகழவில்லை. சிலர் தனித்து நின்று எழுதினர். இயக்கமாக எவரும் எழவில்லை. சினிமாவுக்கு மூலதனம் வேண்டும், அது நம்மிடம் இல்லை என்று காரணம் கூறப்படுகிறது. படம் எடுக்க மூலதனம் வேண்டும் என்பது மெய். கருத்துச் சொல்ல என்ன மூலதனம் வேண்டும்?

நம் அயலிலே நிகழ்ந்ததை நோக்குவோம். முதலாவது சிங்களப் பேசும்படமான ‘கடவுனு பொறொந்துவ’ 1947இல் வெளிவந்தது. அது தென்னிந்தியாவிலே தயாரிக்கப்பட்டது, தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். அதனைத் தொடர்ந்த சிங்களப் படங்களும் நீண்டகாலம் தென்னிந்திய அச்சிலேயே வார்க்கப்பட்டன. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1956இல் ‘ரேகாவ’ மூலம் அவ்வச்சை உடைத்தார். கமெராவைக் கிராமத்து வெயிலுக்குக் கொண்டுபோனார். அப்படம் வணிக வெற்றி பெறவில்லை. இன்றைய கணக்கின்படி அது தோல்விப் படம். ஆயின் அதனைப்பற்றிப் பேசவும் எழுதவும் ஒரு விமர்சகர் கூட்டம் அங்கே இருந்தது. அக்கூட்டத்தைச் சேர்ந்த ரெஜி சிறிவர்த்தன, மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவலான ‘கம்பெரலிய’வுக்குத் திரைக்கதை எழுதினார். லெஸ்டர் இயக்கிய அப்படம் 1965இல் டில்லி சர்வதேசத் திரைப்பட விழாவில் தங்க மயில் விருதைப் பெற்றது. நாவலாசிரியரும் விமர்சகரும் இயக்குநரும் ஒன்றுகூடிய இடத்திலே ஒரு சினிமா பிறந்தது. வசூலை மட்டும் எண்ணிக்கொண்டிருந்திருப்பின் ‘ரேகாவ’வுடன் அனைத்தும் முடிந்திருக்கும்.

நம் பக்கத்தில் படங்களே இல்லையா? இருந்தன. 1962இல் ‘சமுதாயம்’ வந்தது. 1972இல் ‘குத்துவிளக்கு’ வந்தது. 1976இல் வானொலித் தொடரிலிருந்து ‘கோமாளிகள்’ பிறந்தது. யாழ்ப்பாணத்தான், முஸ்லிம், தமிழ் பேசும் சிங்களவன் எனப் பல்வேறு பேச்சு வழக்குகளும் அங்கே ஒருங்கே ஒலித்தன. மக்கள் விரும்பிச் சென்று பார்த்தனர். மறு ஆண்டிலே, சீதனத்தையும் சாதியையும் பொருளாகக்கொண்டு, தர்மசேன பத்திராஜா என்னும் சிங்களக் கலைஞர் காவலூர் இராசதுரையின் எழுத்தைத் துணைக்கொண்டு யாழ்ப்பாணத்திலே ‘பொன்மணி’யை எடுத்தார். நம் சமூகத்தின் புண்ணை நம் கண்முன் விரித்துக்காட்டிய அப்படம் நம் திரையரங்குகளில் நிலைக்கவில்லை. 1978இல் செங்கை ஆழியானின் நாவலைத் தழுவி ‘வாடைக்காற்று’ வந்தது. இவையனைத்தும் குறையற்றவை என்று நாம் வாதிடவில்லை. தொழில்நுட்பக் குறை இருந்தது. நடிப்பிலே நாடகத்தன்மை இருந்தது. ஆயின் அவற்றின்மீது நம் ரசிகர் கூறிய தீர்ப்பு இக்குறைகளைப்பற்றியதாக மட்டும் இருக்கவில்லை. திரையிலே நம் பேச்சு ஒலித்ததும் சிரிப்பு வந்தது. கதாநாயகி என்பவள் சென்னைத் தமிழ் பேசவேண்டியவள். நம் தமிழ் வேலைக்காரனுக்கும் கோமாளிக்கும் உரியது என்று செவி பழகியிருந்தது. தன் தாயின் மொழியைத் திரையிலே கேட்டு நகைப்பவனிடம் விலங்கு பூட்டவேண்டிய தேவை எந்த ஆதிக்கத்துக்கும் இல்லை.

பின்னர் 1983 ஜூலை வந்தது. ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. போர் தொடர்ந்தது. முளைத்த பயிர் கருகியதற்கு நெருப்பே பெருங்காரணம் என்பதை நாம் மறவோம். ஆயினும் நெருப்புக்கு முன்னரே நீர் வார்க்காதிருந்தோர் நாமே என்பதையும் மறைத்தல் தகாது.

இனி அண்மைக்கால நிகழ்வொன்றை எடுத்துக்கொள்வோம். 2025இல் தென்னகத்திலிருந்து வந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ பெரு வெற்றி பெற்றது. பொருளாதார நெருக்கடியால் இலங்கையை விட்டுக் கடல்வழியே தமிழகம் சென்று, தாம் யாரென்பதை மறைத்து வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை அது. அபிஷன் ஜீவிந்த் இயக்கினார். சசிகுமாரும் சிம்ரனும் நடித்தனர். மனிதநேயம் மிக்க படம் என்று எல்லாரும் பாராட்டினர். அப்பாராட்டு முழுதும் தவறன்று. நம்மைப் பயங்கரவாதியாகவோ பரிதாபப் பொருளாகவோ மட்டும் காட்டிவந்த திரையிலே, சிரிக்கவும் அயலவருக்கு உதவவும் தெரிந்த மனிதராகக் காட்டியமை வரவேற்கத்தக்கதே.

ஆயின் நம் ரசிகர் அப்படத்தைப்பற்றிப் பேசியவை யாவை? வசூல் எவ்வளவு என்பது ஒன்று. நடிகர்கள் நம் பேச்சைச் சரியாகப் பேசினார்களா என்பது மற்றொன்று. இவ்விரண்டாவது கேள்வி நல்ல கேள்விதான். அதற்கு அப்பாலும் செல்லவேண்டியிருந்தது. புகலிடம் பெறுவதற்கு ஒரு குடும்பம் தன் தமிழை ஒளித்துவைக்க வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டிலேயே அவ்வாறு ஒளிக்க வேண்டியிருக்கிறது. இது நகைச்சுவையாகக் காட்டப்படுகிறது. நாமும் நகைத்துவிட்டு வந்தோம். 2022இல் எரிபொருளுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற நாட்டிலிருந்து மெய்யாகவே குடும்பங்கள் இராமேஸ்வரக் கரையை அடைந்தன. பல்லாண்டுகளாக முகாம்களிலே வாழ்வோரும் அங்கே உளர். அயலவரின் நல்லெண்ணமே அகதியின் உரிமைக்கு ஈடாகிவிடுமா? நல்லவனாக நடந்து அனைவரையும் கவர முடியாத அகதிக்குப் புகலிடம் இல்லையா? நம் வாழ்வைப்பற்றிய படத்திடம் இக்கேள்விகளை நாமே கேளாவிடின் வேறு யார் கேட்பர்?

பார்த்ததைப்பற்றிப் பேசாதிருப்பது ஒரு குற்றமெனின், பாராததைப்பற்றித் தீர்ப்புக் கூறுவது மற்றொரு குற்றம். பிரசன்ன விதானகேயின் ‘ஒப நத்துவ ஒப எக்க’, சிங்களவரான முன்னாள் படைவீரனையும் தமிழ்ப் பெண்ணையும் பற்றிய படம். 2014இல் சென்னையில் மிரட்டல் காரணமாக அதன் காட்சிகள் நிறுத்தப்பட்டன. 2018இல் ஜூட் ரட்ணத்தின் ‘டீமன்ஸ் இன் பரடைஸ்’ என்னும் ஆவணப்படம், எதிர்ப்பின் காரணமாக யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழாவிலே திரையிடப்படாது கைவிடப்பட்டது. அப்படங்களின் அரசியலை ஏற்பதா மறுப்பதா என்பது வேறு வினா. மறுப்பவனுக்குப் பார்த்துவிட்டு மறுக்கும் ஆண்மை வேண்டாமா? படத்தைக் காணாமலே பதாகைக்குப் பால் வார்ப்பவனும், படத்தைக் காணாமலே திரையை மூடச் சொல்பவனும் ஒரே மரத்தின் இரு கிளைகளே. இருவருக்கும் படம் தேவையில்லை. கொடி மட்டுமே தேவை.

‘பொழுதுபோக்குக்குப் படம் பார்க்கிறோம்; அதற்கு ஏன் இத்தனை ஆராய்ச்சி?’ என்பர் சிலர். நாள் முழுதும் உழைத்தவனுக்குப் பொழுதுபோக்கு வேண்டும். அதனை மறுப்பவன் மக்களின் பகைவன். ஆயின் உழைப்பவனின் ஓய்வு நேரத்தையும் ஒருவன் விலையாக்குகின்றான் எனின், வாங்கிய பண்டம் எத்தகையது என்று கேட்கும் உரிமை அவனுக்கு உண்டு. சந்தையிலே கத்தரிக்காயைக்கூட நாம் புரட்டிப் பார்த்தே வாங்குகிறோம்.

‘ரசனை அவரவர் விருப்பம்’ என்பர் வேறு சிலர். கோடிக்கணக்கில் செலவிட்டு விளம்பரம் செய்து உருவாக்கப்பட்ட விருப்பத்தை ‘என் விருப்பம்’ என்று ஒருவன் கூறுவது வேடிக்கையே.

‘நம்மவர் படம், ஆகவே ஆதரியுங்கள்’ என்பது மூன்றாவது குரல். இது நண்பனின் குரல்போல் ஒலிப்பினும் ஆபத்தானது. இன்று ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் நம் இளைஞர் குறும்படங்களும் முழுநீளப் படங்களும் எடுக்கின்றனர். அவர்களின் முதுகைத் தட்டி ‘அருமை’ என்று கூறிவிட்டு, அவர்கள் படத்தை மறுநாளே மறந்துவிடுகிறோம். இரக்கத்தின்பாற்பட்ட புகழ்ச்சி கலைஞனைக் கொல்லும். எங்கே காட்சி தளர்ந்தது, எங்கே உரையாடல் பொய்த்தது, எந்தப் பாத்திரத்தின் வாழ்வு ஆராயப்படாமல் விடப்பட்டது என்று அவனுடன் வாதிடுவதே அவனுக்குச் செய்யும் மரியாதை.

செய்யவேண்டியது யாது? நம் ஊர்தோறும் சனசமூக நிலையங்கள் உள்ளன. பத்திரிகை வாசிக்கவும் கரம் விளையாடவும் மட்டுமே அவை பயன்படவேண்டும் என்று விதியில்லை. மாதம் ஒரு படத்தை அங்கே திரையிடுவோம். நம் படமாயினும், சிங்களப் படமாயினும், வங்கப் படமாயினும் தடையில்லை. படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு, எவரும் எழுந்து போகுமுன் பேசத் தொடங்குவோம். மீன்பிடிப்பவனும் மாணவியும் தையற்காரியும் பேசட்டும். அறிஞர் இறுதியில் பேசட்டும். இப்படத்திலே உழைப்பவன் யார், அவன் உழைப்பை உண்பவன் யார்? பெண்ணுக்கு எத்தனை வார்த்தை கொடுக்கப்பட்டது? நம் வாழ்வில் நாம் அறிந்த எது இங்கே உண்மையாக வந்துள்ளது, எது பொய்யாக்கப்பட்டுள்ளது? இக்கேள்விகளுக்குப் பட்டம் வேண்டியதில்லை. பாடசாலைகளிலும் ஒரு கவிதையைப்பற்றி எழுதப் பயிற்றுவது போலவே ஒரு படத்தைப்பற்றி எழுதவும் பயிற்றுவோம். முற்போக்கு இதழ்கள் கவிதைக்கும் சிறுகதைக்கும் ஒதுக்கும் பக்கங்களில் ஒரு பங்கைத் திரைக்கும் ஒதுக்கட்டும்.

படம் எடுக்கும் கருவி இன்று இளைஞனின் சட்டைப்பையிலேயே இருக்கிறது. நாளை அவன் நம் கதையைச் சொல்ல வருவான். அவன் முன்னே அமரப்போகும் கூட்டம் வசூலைக் கேட்கும் கூட்டமா, வாழ்வைக் கேட்கும் கூட்டமா என்பது இன்று நாம் எவ்வாறு பேசப் பழகுகிறோம் என்பதைப் பொறுத்தது. ‘படம் எப்படி?’ என்று இனி எவரும் கேட்டால், கோடிகளைச் சொல்லவேண்டியவன் முதலாளி. நாம் கண்டதைச் சொல்வோம்.