எடை குறைந்தால்தான் கிட்னி!



இந்த முறை சமையல் குறிப்பு இல்லை. ஆனாலும் நான் சொல்லப் போகிற விஷயம் பாதி சமையலறையில்தான் நடந்தது.

என் அக்காவுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை வியாதி. அதில் இரண்டு கிட்னியும் பழுதாகி, வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் டயாலிஸிஸ் என்றாகிவிட்டது. என் கிட்னி ஒன்றைத் தருகிறேன் என்று நான் முன்வந்தேன். ரத்த குரூப் பொருந்தியது. என் பரிசோதனைகளும் நல்லபடியாக முடிந்தன. சந்தோஷமாகப் போய் உட்கார்ந்தால், டாக்டரம்மா அக்காவை எடை மெஷினில் ஏறச் சொன்னார். 96 கிலோ! உயரமோ 155 சென்டிமீட்டர்தான்.

"தங்கச்சி தயார். நீங்கதான் இன்னும் தயாராகலை. 12 கிலோவாவது குறைச்சுட்டு வாங்க" என்றார்.

வெளியே வந்ததும் அக்கா அழுதுவிட்டாள். "குண்டா இருக்கிறவ செத்தா சாகட்டும்னு சொல்றாங்களாடி?" என்றாள். எனக்கும் கோபம்தான். அடுத்த முறை நேராகவே கேட்டேன். டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார்.

புதுக் கிட்னியைப் பழைய கிட்னி இருக்கும் இடத்தில் வைப்பதில்லையாம். அடிவயிற்றில் ஒரு பக்கமாக வைத்து, காலுக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய்களோடு இணைக்கிறார்கள். அங்கே கொழுப்பு கனமாக இருந்தால் ஆபரேஷன் கஷ்டம். புண் ஆறாமல் சீழ் வைக்கலாம், குடலிறக்கம் வரலாம், புதுக் கிட்னி வேலை தொடங்கவும் தாமதமாகலாம். பிறகு சாப்பிடும் ஸ்டீராய்டு மாத்திரைகளோ பசியையும் சர்க்கரையையும் ஏற்றிவிடும். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பார்ப்பது கணக்கு. அக்காவுக்கு 40 வந்தது. 84 கிலோவுக்கு வந்தால் 35. பல ஆஸ்பத்திரிகளில் 35 அல்லது 40தான் எல்லை.

பிறகுதான் நாங்கள் தப்பு செய்தோம். "கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று பக்கத்து வீட்டு மாமி கொள்ளு ரசம் சொன்னார். இன்னொருவர் வாழைத்தண்டுச் சாறு, வேறொருவர் இளநீர். அக்கா ராத்திரிச் சாப்பாட்டையே விட்டுவிட்டு, பசிக்கும்போது இளநீர் குடித்தாள். ஒரு மாதத்தில் 3 கிலோ குறைந்தது. ஆனால் ஒரு நாள் விடியற்காலையில் கை கால் துவண்டு, நெஞ்சு படபடக்க, அவசரமாக டயாலிஸிஸுக்கு ஓடினோம். இளநீரில் பொட்டாசியம் அதிகம். பழுதான கிட்னியால் அதை வெளியேற்ற முடியாது; ரத்தத்தில் ஏறினால் இதயமே நின்றுவிடலாம். நல்லது என்று நினைத்து நானே கையால் வெட்டிக் கொடுத்த இளநீர் அது!

"போன எடை கொழுப்பில்லேம்மா, சதை" என்றார் டாக்டரம்மா. டயாலிஸிஸ் செய்துகொள்பவர்களுக்குப் புரதம் மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தேவை. அதனால் பட்டினி கூடவே கூடாது. அரிசி, எண்ணெய், இனிப்பைக் குறைத்து, முட்டையின் வெள்ளைக்கரு, கொஞ்சம் மீன் என்று உணவு நிபுணர் எழுதிக் கொடுத்தார். காய்களை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தேன். அப்பளம், ஊறுகாய் நின்றன. உப்பு குறைந்ததும் தாகமும் குறைந்தது. சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதையும் வாங்காதீர்கள். அதில் பெரும்பாலும் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள்.

எடையை எப்போதும் டயாலிஸிஸ் முடிந்த பிறகே பார்க்க வேண்டும். முன்னால் பார்த்தால் தேங்கிய தண்ணீரும் சேர்ந்து காட்டும். கொழுப்பு கரையும்போது அந்த இடத்தில் நீர் தேங்கி, மெஷின் பழைய எடையையே காட்டுவதும் உண்டு. அதனால் அடிக்கடி டாக்டரிடம் சொல்லி, தண்ணீர் நீங்கிய எடையைத் திருத்தி எழுதச் சொல்ல வேண்டும்.

ஆறு மாதத்தில் 91 கிலோவுக்கு வந்தாள். அதற்குமேல் இறங்கவில்லை. பசியைக் குறைக்கும் வாராந்திர ஊசிகளும் இப்போது உண்டு. டாக்டர் சொல்லாமல் தொடவே கூடாது. அக்காவுக்கு இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் நீக்கி, மீதியைக் குழாய் போலாக்கும் ஆபரேஷன் செய்தார்கள். குடலை மாற்றி இணைக்கும் பைபாஸ் முறையில் ஆக்ஸலேட் சேர்ந்து புதுக் கிட்னியைக் கெடுக்கலாம், மாத்திரைகளும் சரியாக உடம்பில் சேராமல் போகலாம் என்று அதைத் தவிர்த்தார்கள். பத்து மாதத்தில் 77 கிலோ. அதன் பிறகு என் கிட்னி அக்காவுக்குப் போனது.

டயாலிஸிஸ் இல்லாத முதல் வாரத்தில், டாக்டர் அனுமதியோடு அக்கா ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தாள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், "குண்டு" என்று கேலி செய்யாதீர்கள், கைவைத்தியமும் செய்யாதீர்கள். எடையைக் குறைப்பதும் வைத்தியத்தில் சேர்ந்ததுதான். அதற்கும் டாக்டர் வேண்டும். கூடவே, பொறுமையாகக் காயை வடித்துக் கொடுக்க நாமும் வேண்டும்.