விபத்துச் சிகிச்சை: பணம் உண்டு, நிபுணர் எங்கே?

புது தில்லி: சாலை விபத்தில் காயமடைவோருக்கு ஏழு நாள்கள் வரை, ரூ. 1.5 லட்சம் உச்சவரம்புடன் கட்டணமில்லாச் சிகிச்சை அளிக்கும் திட்டத்தை மத்திய அரசு 2025 மே மாதம் அறிவிக்கை செய்தது. அவ்வாண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கெடு விதித்த பிறகே இது நடந்தது. செலவுக்கு வழி பிறந்துவிட்டது. ஆனால், உயிரைத் தீர்மானிக்கும் முதல் ஒரு மணி நேரத்தில் சிகிச்சை அளிக்கப்போவது யார்?

2022-ல் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். இவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் கிராமப்புற விபத்துகளில் இறந்தவர்கள். ஊரகப் பகுதி சமுதாய சுகாதார நிலையங்களிலோ, தேவையான அறுவைச் சிகிச்சை நிபுணர்களில் 83 சதவீதம் பேர் இல்லை என்கிறது 2021-22 அரசுப் புள்ளிவிவரம்.

நிபுணர் போகாத இடத்துக்கு அவரது அனுபவத்தையாவது அனுப்ப முடியுமா? இந்தியாவில் பிறந்த மருத்துவர் சஞ்சீவ் அரோரா, அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் 2003-ல் தொடங்கிய "எக்கோ' திட்டம் முடியும் என்று காட்டியது. கல்லீரல் அழற்சி நோயாளிகள் குறித்து ஊரக மருத்துவர்கள் காணொலி மூலம் நிபுணர்களுடன் தொடர்ந்து விவாதித்தனர். பல்கலைக்கழக மருத்துவமனைக்கு நிகரான பலன் கிடைத்ததாக 2011-ல் வெளியான ஆய்வு உறுதி செய்தது.

கல்லீரல் நோயாளி அடுத்த வாரக் கலந்தாய்வு வரை காத்திருக்கலாம். ரத்தம் பெருகும் காயக்காரர் காத்திருக்க இயலாது. எனவே, விபத்துச் சிகிச்சையில் வழிகாட்டல் முன்கூட்டியே தொடங்க வேண்டும். மூச்சுப் பாதையைக் காப்பது, ரத்தப்போக்கை நிறுத்துவது, நெஞ்சில் தேங்கிய ரத்தத்தைக் குழாய் செருகி வெளியேற்றுவது, எப்போது பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது என்பனவற்றை வாரந்தோறும் உண்மை நிகழ்வுகளைக் கொண்டு அலசினால்தான், நெருக்கடி நேர ஆலோசனை பயன் தரும்.

2019-ல் தொடங்கிய "இ-சஞ்சீவனி' மருத்துவர்களைக் காணொலியில் இணைக்கிறது. ஆனால், ஒருமுறை ஆலோசனை பெறுவது வேறு. தொடர்ந்து பயிற்றுவிப்பது வேறு. தவிர, ஆலோசனை கேட்கும் மருத்துவரே சிகிச்சைக்குப் பொறுப்பு என்கின்றன 2020 தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள். தனியாக இரவுப் பணியிலுள்ள இளம் மருத்துவர், பழிக்கு அஞ்சி, காயமடைந்தவரை முதலுதவியோடு வேறிடத்துக்கு அனுப்பவே முற்படுவார்.

மருத்துவக் கல்லூரிகளுக்கு இதை வாடிக்கையான பணியாக ஒதுக்குவதும், ஊரக மருத்துவரின் பயிற்சி நேரத்தைப் பணி நேரமாகக் கணக்கிடுவதும், ரத்தமும் கருவிகளும் கிடைக்கச் செய்வதும் மாநிலங்களின் கையில் உள்ளன. இல்லையேல், நோயாளி வழியிலேயே உயிரிழந்தபின் ரூ. 1.5 லட்சத்தால் யாருக்குப் பயன்?