கீபோர்டு வாங்கப் போகிறீர்களா? டோன்களை எண்ணாதீர்கள்!

கம்ப்யூட்டர், பிரிண்டர் எல்லாம் வாங்கி முடித்த பின்னர், பல வீடுகளில் அடுத்து எழும் கோரிக்கை "எனக்கு ஒரு மியூசிக் கீபோர்டு வேண்டும்" என்பதுதான். கடைக்குப் போனால் விற்பனையாளர் முதலில் சொல்வது எண்களைத்தான். 400 டோன், 77 ரிதம், இத்தனை டெமோ பாட்டு! எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று நாமும் வாங்கி வருகிறோம். வீட்டில் கம்ப்யூட்டர் உள்ளவர்கள் இந்த எண்களைப் பார்த்து வாங்கத் தேவையே இல்லை என்பது என் கருத்து. பார்க்க வேண்டியது வேறு ஒன்று.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, தீபாவளி போனஸ் பணத்தில் அப்பா ஒரு கீபோர்டு வாங்கித் தந்தார். குட்டிக் குட்டி கீகள். நூறு வகை ஒலிகள். உறவினர்கள் வந்தால் டெமோ பட்டனைத் தட்டிவிட்டு, நானே வாசிப்பது போல விரல்களை ஆட்டுவேன். அதைத் தூக்கிக் கொண்டுதான் வகுப்புக்கும் போனேன். மூன்றாம் மாதம் ஆசிரியர், "இந்த இடத்தை மென்மையாக வாசி" என்றார். மென்மையாகத்தான் அழுத்தினேன். ஒலி குறையவில்லை. பலமுறை முயன்றும் அதே கதை. எனக்கு இசை வராது என்று முடிவு செய்து, வகுப்பை விட்டுவிட்டேன். குறை என் விரலில் இல்லை, அந்தக் கருவியில் அந்த வசதியே இல்லை என்பது வேலைக்குச் சேர்ந்து, நானே ஒரு கீபோர்டு வாங்கியபோதுதான் தெரிந்தது.

பெயரிலேயே இருக்கிறது

பியானோவுக்கு முன்பிருந்த ஹார்ப்சிகார்டில் கீயை எப்படி அழுத்தினாலும் ஒலி ஏறக்குறைய ஒரே அளவில்தான் வரும். 1700ஆம் ஆண்டையொட்டி, இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் பர்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி என்பவர், கம்பியைச் சிறு சுத்தியல் தட்டும்படி ஒரு கருவி செய்தார். மெல்ல அழுத்தினால் மெல்லிய ஒலி. ஓங்கி அழுத்தினால் பெரிய ஒலி. அதனால் வந்த பெயர்தான் 'பியானோ ஃபோர்ட்டே'. இத்தாலிய மொழியில் பியானோ என்றால் மென்மை, ஃபோர்ட்டே என்றால் உரப்பு. எலெக்ட்ரானிக் கீபோர்டில் இந்த வசதிக்கு 'டச் ரெஸ்பான்ஸ்' என்று பெயர். இது இல்லாத கீபோர்டில் பியானோ பழக முடியாது.

கம்ப்யூட்டரால் முடிந்ததும் முடியாததும்

கீபோர்டும் கம்ப்யூட்டரும் பேசிக் கொள்ளும் மொழி, 1983ல் வந்த 'மிடி'. இதில் ஒலி பயணம் செய்வதில்லை. எந்த கீ அழுத்தப்பட்டது, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது என்ற எண்கள் மட்டுமே செல்கின்றன. நடு 'சி' கீயின் எண் 60. அழுத்திய வேகம் 1 முதல் 127 வரை. டச் ரெஸ்பான்ஸ் இல்லாத கீபோர்டு எப்போதும் ஒரே வேக எண்ணையே அனுப்பும்.

நான் சொல்ல வருவது இதுதான். கூடுதல் டோன்களை எல்.எம்.எம்.எஸ். போன்ற இலவச புரோகிராம்கள் மூலம் கம்ப்யூட்டரிலேயே பெறலாம். ஆனால் உங்கள் விரல் தந்த அழுத்தத்தைக் கீபோர்டு கவனிக்கவில்லை என்றால், எந்த சாஃப்ட்வேராலும் அதை மீட்டுத் தர முடியாது.

ஒரு முன்னெச்சரிக்கை. கம்ப்யூட்டர் வழியே வாசிக்கையில் ஒலி சற்றுத் தாமதமாக வந்தால் பயந்துவிட வேண்டாம். சவுண்ட் செட்டிங்கில் பஃபர் அளவைக் குறைத்திடுங்கள். 2048 சாம்பிள் என்பது சுமார் 46 மில்லி செகண்ட் தாமதம். 256 என்றால் ஆறுக்கும் குறைவு.

கடையில் சோதிக்க

1. ஒரே கீயை மெல்லவும், பின் ஓங்கியும் அழுத்துங்கள். ஒலி மாறுகிறதா? சில மாடல்களில் இந்த வசதியை ஆன் செய்திட வேண்டும், கேட்டுப் பாருங்கள்.

2. முழு அளவில் 61 கீகள் இருக்கட்டும். குட்டி கீகளில் பழகிய விரல், பெரிய கீபோர்டில் தடுமாறும்.

3. யு.எஸ்.பி. மிடி வசதி உள்ளதா என்று பாருங்கள். பல மாடல்களுக்கு பிரிண்டர் கேபிளே போதும்.

மாடல் எண்ணையும் கவனியுங்கள். கேசியோ சிடி-எஸ்200, சிடி-எஸ்300 இரண்டும் பார்க்க ஒன்று போலிருக்கும். இரண்டிலும் 61 கீகள், 400 டோன்கள். டச் ரெஸ்பான்ஸ் 300ல் மட்டுமே உண்டு.

பிள்ளை கிரேடு தேர்வு எழுதப் போகிறதா? டிரினிடி காலேஜ் லண்டன் நடத்தும் தேர்வுகளில் பியானோவுக்கும் எலெக்ட்ரானிக் கீபோர்டுக்கும் தனித்தனிப் பாடத்திட்டம் உண்டு. எது என்பதனை ஆசிரியரிடம் கேட்ட பின்னரே கடைக்குச் செல்லுங்கள்.

முதல் பாடம்

கறுப்பு கீகள் இரண்டு, மூன்று என்று கூட்டமாக இருக்கும். இரண்டு கறுப்புக்கு இடப்பக்கம் ஒட்டியுள்ள வெள்ளை கீ, 'சி'. அதை 'ச' என்று கொண்டு வெள்ளை கீகளை மட்டும் வரிசையாக வாசித்தால் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள் கிடைக்கும். கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5 என்று எண்ணிக் கொள்ளுங்கள். வலது கையில் 1-2-3, பிறகு கட்டைவிரலை அடியில் கொண்டு வந்து 1-2-3-4-5. இதைத் தினமும் பத்து நிமிடம், ஒரு நாள் மென்மையாக, ஒரு நாள் உரக்க வாசியுங்கள். ஒரே விரலில் முழு ஆர்கெஸ்ட்ராவே ஒலிக்கும் ஆட்டோ வசதியை முதல் ஆறு மாதம் தொடவே வேண்டாம். கைதட்டல் கிடைக்கும், கை பழகாது.

சென்ற மாதம் அக்கா மகனுக்குக் கீபோர்டு வாங்கக் கடைக்குப் போனோம். பளபளவென்று விளக்கு எரியும் ஒன்றை அவன் கேட்டான். நான் அதன் பக்கத்தில் இருந்த எளிய மாடலைக் காட்டி, மெல்ல அழுத்தச் சொன்னேன். பிறகு ஓங்கி. "மாமா, இது நான் சொன்னதைக் கேக்குது!" என்றான். அதையே வாங்கினோம்.